‘எல்லாம் ஜீன்லயே இருக்காம்’

1

போன தீபாவளிக்குத் திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மதிப்பெண் வாங்கியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்த நேரம். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த 31-க்கு வந்து நின்றது. பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “நம்ம பக்கத்துல எல்லாருக்கும் கணக்கு தானா வரும். இது அவங்க அப்பா பக்கத்து ஜீன். நாம என்ன பண்ண முடியும்?”

அக்காவுடையது காதல் திருமணம். அத்தான் வேறு சாதி. பதினாறு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாதிப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. பேசினால் அசிங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவும் அப்படிப் பேசுகிற ஆள் கிடையாது. ஓய்வுபெற்ற எஞ்சினியர், தினமும் இரண்டு பேப்பர் வாசிப்பவர். ஆனால் அன்றைக்குச் சாதி உட்கார வேண்டிய நாற்காலியில் ஜீன் உட்கார்ந்திருந்தது, இஸ்திரி போட்ட சட்டையோடு. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. அத்தான் எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனார். அந்தப் பெண் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா தெரியவில்லை. விழுந்திருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் என்ற மரியாதை ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். சில வருஷங்களுக்கு முன்னால், அதே கூடத்தில், “டி.என்.ஏ.ங்கறது ஒரு ப்ரோகிராம் பெரியப்பா. நாலே எழுத்துல எழுதின சோர்ஸ் கோடு. உடம்பு அதை அப்படியே ரன் பண்ணுது, அவ்வளவுதான்” என்று விளக்கியவன் நான். ஆபீஸில் ஒரு டெக் டாக்கில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிய வாக்கியம் அது. பெரியப்பா அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மிகச் சரியாகப் புரிந்துகொண்டார். கோடு கெட்டிருந்தால் வருகிற விடையும் கெட்டிருக்கும். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. ஆகவே என் தொழிலுக்கும் கொஞ்சம் எதிரானது.

2

மென்பொருள்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ‘இதுவும் நம்ம ஐட்டம்தான்’ என்று தோன்றும். நகரத்தின் போக்குவரத்தைப் பார்த்தால் நெட்வொர்க் ப்ராப்ளம். கல்யாணம் ஒரு மேட்சிங் அல்காரிதம். உயிரைப் பார்த்தால் லெகசி கோடு: பல கோடி வருஷம் யாரும் டாக்குமென்ட் எழுதாமல் விட்டுப்போனது, நாம் உட்கார்ந்து ரீஃபேக்டர் செய்ய வேண்டியது. மதியச் சாப்பாட்டு மேஜையில் இதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். “ஜீனோம் முழுசா படிச்சாச்சு ப்ரோ, இனி உயிரியல்ங்கறது வெறும் கம்ப்யூட் பட்ஜெட்தான்.” சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

இந்த உருவகத்துக்கு நாங்கள் மட்டுமே சொந்தக்காரர்கள் இல்லை. 1944-இல் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் உயிரைப் பற்றி எழுதிய சிறிய நூலில், குரோமோசோம்களுக்குள் உயிரினத்தின் வருங்காலம் முழுவதும் ஒரு குறியீட்டு எழுத்தாகப் பொதிந்திருக்கிறது என்று சொன்னார். இன்று நாம் தட்டுகிற கம்ப்யூட்டர் அப்போது பிறக்கவில்லை. பிறகு 1960-களில் மரபுக் குறியீட்டு அட்டவணை கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று மூன்று எழுத்தாக 64 சேர்க்கைகள். அவற்றில் 61, புரதங்களைக் கட்டுகிற 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன; மிச்சம் 3, ‘இத்தோடு நிறுத்து’ என்பதற்கான குறிகள். இது உண்மையிலேயே ஒரு குறியீடு. தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் அட்டவணை இருந்ததே, அந்த அர்த்தத்தில்.

எங்கள் துறை பெருத்தபோது ‘கோடு’ என்ற சொல்லின் பொருள் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. மோர்ஸ் அட்டவணை என்ற பொருள் போய், ப்ரோகிராம் என்ற பொருள் வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. மோர்ஸ் அட்டவணை தெரிந்தால் தந்தியில் என்ன எழுத்து வந்தது என்று சொல்லலாம். தந்தி கிடைத்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. ப்ரோகிராம் என்று சொன்னாலோ, அந்த வீட்டில் நடப்பது முழுவதும் தந்தியிலேயே எழுதியிருக்கிறது என்றாகிவிடுகிறது. “ஜீன்லயே இருக்கு” என்பது இந்த நகர்விலிருந்து பிறந்த வாக்கியம்.

தீபாவளி முடிந்து சென்னைக்குத் திரும்பிய பிறகு, குற்ற உணர்ச்சியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆய்வகத்தின் சமீபகால வேலைகளைத் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். அங்கே இந்த வாக்கியம் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தே உடைந்துகொண்டிருந்தது.

3

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கடற்கரையில் வுட்ஸ் ஹோல் என்றொரு சிற்றூர். அங்கே 1888-இல் தொடங்கப்பட்டது மரைன் பயாலஜிக்கல் லேபரட்டரி. கடல் உயிர்களைப் பிடித்துவந்து, உயிரோடு வைத்து, கேள்வி கேட்கிற இடம். 2013 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குகிறது. கோடை வந்தால் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அங்கே வந்து குவிவார்கள். ஒரு காலத்தில் அவர்கள் வந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நம் ஊர் மீன் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கிற ஜாதிதான்: கணவாய்.

கணவாய்க்கு ஒரு வசதி உண்டு. ஆபத்து வந்தால் உடம்பைச் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை இருக்கும். நம் உடம்பில் இருக்கும் நரம்பிழையைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், உள்ளே மின்வாயைச் செருகலாம். நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இங்கிலாந்தில் இந்தக் கணவாய் நரம்பை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1952-இல் கட்டுரைகள் வந்தன, 1963-இல் நோபல் பரிசு. வுட்ஸ் ஹோலில் 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாய் நரம்பின் உள்ளே சரக்குச் சுமந்து நடக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் கைனசின். செல்லுக்குள் போடப்பட்ட தண்டவாளங்கள் மேல் காலெடுத்து வைத்து நடக்கிற சுமைதூக்கி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இப்போது ஜோஷுவா ரோசென்தால் என்பவரின் குழு. அவர் வுட்ஸ் ஹோலுக்கு வருவதற்கு முன்பு செய்த ஒரு சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம். அண்டார்டிகாவின் உறைகுளிர்க் கடலில் ஆக்டோபஸ் வாழ்கிறது. வெதுவெதுப்பான கரீபியன் கடலிலும் வாழ்கிறது. குளிரில் நரம்பின் அயனி வாயில்கள் மெதுவாகத்தான் மூடும். நரம்பு தடுமாற வேண்டும். ஆனால் அண்டார்டிகா ஆக்டோபஸ் ஜம்மென்று இருக்கிறது. அப்படியென்றால் அதன் ஜீன் வேறு மாதிரி இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சாண்ட்ரா காரெட்டும் ரோசென்தாலும் இரண்டின் பொட்டாசிய வாயில் ஜீனையும் எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றேதான். ஜீனில் எழுதியிருந்தபடியே வாயிலைச் செய்து ஓடவிட்டாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன.

வித்தியாசம் நடுவில் இருந்தது. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. என்றொரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் கட்டப்படுகிறது. ஆக்டோபஸ் அந்த நகலில் கை வைக்கிறது. ஏடார் என்ற என்சைம் நகலில் உள்ள குறிப்பிட்ட ‘ஏ’ எழுத்துகளை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. செல் அதை ‘ஜி’ என்று வாசிக்கிறது. எழுத்து மாறினால் பல இடங்களில் புரதமும் மாறும். அண்டார்டிகா ஆக்டோபஸில் அப்படியொரு திருத்தம் வாயிலை வேகமாக மூட வைத்தது. 2012-இல் இந்த முடிவு வெளியானது. ஜீனை மட்டும் வாசித்தவருக்கு இரண்டு ஆக்டோபஸும் ஒன்று.

4

எந்த விலங்கிலும் ஆர்.என்.ஏ. திருத்தம் கொஞ்சம் நடக்கும். நமக்கும் நடக்கிறது, ஆனால் பெரும்பாலும் புரதத்தைத் தொடாத பகுதிகளில். புரதத்தை மாற்றுகிறவை சொற்பம். சொற்பம் என்றால் அற்பம் இல்லை: எலியின் மூளையில் அப்படிப்பட்ட ஒரே ஒரு இடத்தைத் திருத்தவிடாமல் செய்தால் வலிப்பு வந்து சில வாரங்களில் செத்துப்போகிறது. கணவாயின் கதை வேறு அளவில் இருக்கிறது. அதன் நரம்பு மண்டலத்தில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆர்.என்.ஏ. செய்திகளில் புரதத்தை மாற்றும் திருத்தங்கள் இருப்பதாக 2015-இல் ரோசென்தாலும் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் எலி ஐசன்பெர்க்கும் அவர்கள் குழுவினரும் காட்டினார்கள். 2020-இல் வுட்ஸ் ஹோல் குழு இன்னொன்றைச் சொன்னது. இந்தத் திருத்தம் செல்லின் கருவுக்குள் மட்டும் நடப்பதில்லை. நரம்பிழையிலும், அதாவது கருவிலிருந்து தள்ளி, வேலை நடக்கிற இடத்திலேயே நடக்கிறது.

அடுத்தது 2023-இல் வெளியான சோதனை. நான் திரும்பத் திரும்ப வாசித்தது. கலிஃபோர்னியக் கடலில் வாழும் இருபுள்ளி ஆக்டோபஸ்களை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றை 22 டிகிரித் தண்ணீரில் வைத்தார்கள், சிலவற்றை 13 டிகிரியில். சில வாரங்கள் கழித்து ஆர்.என்.ஏ.வை வாசித்தார்கள். புரதத்தை மாற்றும் 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில் திருத்தத்தின் அளவு மாறியிருந்தது. பெரும்பாலும் குளிரில் திருத்தம் கூடியது. இது தலைமுறைகளாக நடந்த பரிணாமம் கிடையாது. அதே ஆக்டோபஸ், அதே டி.என்.ஏ. தண்ணீரை மாற்றிய ஒரு நாளுக்குள் மாற்றம் தெரிய ஆரம்பித்து, சில நாட்களில் புது நிலைக்கு வந்துவிட்டது. தொட்டியில் மட்டும் நடக்கிற வித்தையோ என்று சந்தேகம் வரும் அல்லவா? கடலில் கோடையிலும் குளிர்காலத்திலும் பிடித்த ஆக்டோபஸ்களையும் பார்த்தார்கள். அங்கேயும் அதே போக்கு.

அப்படி மாறிய புரதங்களில் ஒன்று கைனசின். 1985-இல் அதே ஊரில் கணவாய் நரம்பிலிருந்து எடுத்த அதே சுமைதூக்கி. ஒரு எழுத்துத் திருத்தத்தால் அதன் நடையே மாறுவதைச் சோதனையில் அளந்து காட்டினார்கள்.

என் தொழில் மொழியில் இதற்கு என்ன பெயர் வைப்பது? முதலில் எனக்கும் வாயில் வந்தது ‘ரன்டைம் பேட்ச்’ என்ற சொல்தான். ஆனால் ஒரு விவரம் இடிக்கிறது. ஒரு இடத்தில் திருத்தம் நடக்கிறது என்றால் எல்லா நகலிலும் நடக்கிறது என்று பொருளில்லை. இங்கே 30 சதவீதம், அங்கே 70 சதவீதம். ஒரு ஆர்.என்.ஏ.வில் பல இடங்கள் இருந்தால் சேர்க்கைகள் பெருகுகின்றன. ஆக, ஒரே நேரத்தில் ஒரே புரதத்தின் திருத்திய வடிவமும் திருத்தாத வடிவமும் அரைகுறையாகத் திருத்தியதும் கலந்தே வேலை செய்கின்றன. இதில் எது வெர்ஷன்? எதை நான் ரிலீஸ் என்று சொல்வேன்? எங்கள் ஆபீஸில் யாராவது இப்படி ஒன்றை டெப்ளாய் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக்டோபஸ் அதை வைத்துத்தான் குளிர்காலத்தைக் கடக்கிறது.

5

இன்னொரு வேலை, இதே ஆய்வகத்தில். இது ஜீனை நேரடியாக வெட்டுகிற வேலை, அதாவது கோடு ரசிகர்களின் சொந்த மைதானம்.

2020-இல் கேரி ஆல்பர்ட்டின், ரோசென்தால் குழு, கிரிஸ்பர் கத்தரியால் முதல்முறையாக ஒரு கணவாயின் ஜீனை முடக்கியது. வுட்ஸ் ஹோல் கரைக்கு வரும் அதே ஊசிக்கணவாய். கண்ணுக்கும் தோல் புள்ளிகளுக்கும் நிறம் தருவதில் பங்குள்ள டி.டி.ஓ. என்ற ஜீனை முடக்கினார்கள், நிறம் போய்விட்டது. கேட்க எளிது. கணவாய் முட்டையைச் சுற்றிக் கடினமான உறை இருக்கிறது; ஊசி இறங்காது, இறங்கினால் உடையும். உறையில் ஒரு சின்ன வெட்டு போடத் தனியாக நுண் கத்தரி, அதற்குள் நுழைக்கத் தனி ஊசி என்று கருவியையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கணவாயை ஆய்வகத்தில் முட்டையிலிருந்து முட்டைவரை தலைமுறை தலைமுறையாக வளர்க்க வழியில்லை. ஆகவே ஜப்பான் பக்கத்துக் கடலில் வாழும், கட்டைவிரல் அளவே உள்ள இன்னொரு குட்டிக் கணவாய் இனத்தைப் பழக்கினார்கள். என்ன தீனி தின்னும், எந்தத் தண்ணீரில் பிழைக்கும், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் எப்படி வைப்பது என்பதெல்லாம் எந்த ஜீனோமிலும் எழுதியிருப்பதில்லை. தொட்டி பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தக் குட்டிக் கணவாயிலும் அதே டி.டி.ஓ. ஜீனை முடக்கினார்கள். ஊசிக்கணவாயில் நிறத்தை அழித்த அதே வெட்டு.

நிறம் போகவில்லை.

உறவுக்கார விலங்கு, அதே ஜீன், அதே வெட்டு, முடிவு வேறு. பிறகு ஐ.டி.ஓ. என்ற இரண்டாவது ஜீனையும் சேர்த்து முடக்கியபோதுதான் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வெளிறிய கணவாய் கிடைத்தது. 2023-இல் அந்த வம்சத்தை அறிவித்தார்கள். அதன் உடம்பு வழியே மூளை செயல்படுவதை உயிரோடு இருக்கும்போதே படம்பிடிக்கலாம் என்பதுதான் அந்த வேலையின் நோக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இடையில் வந்த அந்தத் தோல்வி. ‘இந்த ஜீன் இதைச் செய்யும்’ என்ற வாக்கியம் ஒரு விலங்கிலிருந்து பக்கத்து விலங்குக்குத் தாண்டும்போதே வழுக்கி விழுந்தது. நாமோ அதைத் தாத்தாவிலிருந்து பேத்தியின் கணக்குத் தேர்வுவரை கைபிடித்து அழைத்துவந்துவிடுகிறோம்.

ஆய்வகத்தில் ஜீன் என்பது ஒரு கேள்வியின் தொடக்கம். இதை முடக்கினால் என்ன ஆகும், எந்தத் தண்ணீரில், எந்த விலங்கில், வேறு எது துணைக்கு இருக்கிறது? நம் கூடத்தில் அதே சொல் கேள்வியின் முடிவு. “ஜீன்” என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது, எழுந்து காபி குடிக்கப் போகலாம்.

6

என் நண்பர்கள் எதிர்த்துச் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது.

முதலாவது: “ஏடார் என்சைமும் ஜீன்லேருந்துதானே வருது? எந்த இடத்துல திருத்தணும்ங்கறதும் அக்கம்பக்கத்து எழுத்து வரிசையைப் பொறுத்துத்தானே?” ஆமாம். முழுக்க ஆமாம். ஆர்.என்.ஏ. மடிந்து இரட்டை இழையாக நிற்கிற இடத்தில்தான் ஏடார் பிடிக்கும். அந்த மடிப்பைக் காப்பாற்றுவதற்காக ஆக்டோபஸ், கணவாய்களின் ஜீனோமில் அந்தப் பகுதிகள் மிக மெதுவாகவே மாறுகின்றன என்று 2017-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஜீன் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஜீன் இல்லாமல் ஒன்றும் இல்லை. ஆனால் ஜீனே எல்லாம் என்றால் 22 டிகிரியும் 13 டிகிரியும் ஒரே ஆக்டோபஸைத்தான் தந்திருக்க வேண்டும். செய்தி டி.என்.ஏ.விலிருந்து புரதத்துக்குப் போகிறது என்ற அடிப்படைக் கோட்பாடு உடையவில்லை. உடைந்தது அதன் மேல் நாங்கள் கட்டிய மாடி.

இரண்டாவது: “அந்தத் திருத்தம் எல்லாமே பயனுள்ளதா?” நியாயமான கேள்வி. பெரும்பகுதித் திருத்தங்களால் விலங்குக்கு எந்த லாபமும் இல்லை, அவை சேர்ந்துபோன சத்தம்தான் என்று வாதிடும் பரிணாம ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சண்டை நடக்கிறது, நடக்கட்டும். அதைத் தீர்க்க அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒவ்வொரு திருத்தமாக எடுத்து, புரதத்தைச் செய்து, அது என்ன மாறுகிறது என்று அளக்கிறார்கள். உருவகத்தை வைத்து முடிவு சொல்வதில்லை.

மூன்றாவதுதான் எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது: “சரி, அப்போ அது கான்ஃபிக் ஃபைல். வெப்பநிலைங்கறது ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். இன்னும் கோடுதான்.” தண்ணீர், உப்பு, பருவம், தீனி, பக்கத்தில் நீந்துகிற இன்னொரு ஆக்டோபஸ், எல்லாவற்றையும் வேரியபிள் என்று உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் எது வந்தாலும் விழுங்குகிற உருவகம் எதையும் சொல்வதில்லை. ‘டி.என்.ஏ. ஒரு ப்ரோகிராம்’ என்பது தவறாக இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் வைத்திருப்பது அறிவியல் கருத்து இல்லை, தொழில் பெருமை. எங்கள் வேலையிலேயே டெஸ்ட் ஃபெயில் ஆகிற வாய்ப்பே இல்லாத டெஸ்ட் கேஸை ரிவ்யூவில் தூக்கி எறிகிறோம். இதற்கு மட்டும் ஏன் சலுகை?

கம்ப்யூட்டரைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, லட்சக்கணக்கான இடங்களில் எது உண்மையான திருத்தம், எது வாசிப்புப் பிழை என்று பிரிக்காமல் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. அது எங்கள் மாதிரி ஆட்களின் வேலை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 13 டிகிரித் தொட்டி ஒன்று இருந்ததால்தான் ஒப்பிட ஏதோ இருந்தது. யாரோ ஒருவர் தினமும் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் பார்த்து, நண்டு போட்டு, ஆக்டோபஸ் மூடியைத் தள்ளிக்கொண்டு ஓடாமல் காவல் இருந்தார்.

7

இப்போது வாசகர் என்னிடமிருந்து ஒன்றை எதிர்பார்ப்பார். “ஆக்டோபஸே தண்ணீருக்கு ஏற்ப மாறுகிறது, மனிதன் மாற மாட்டானா? ஆகவே சாதி பொய்.” முகநூலில் ஐநூறு லைக் நிச்சயம்.

அதை நான் எழுதப்போவதில்லை. நம் மூளை ஆக்டோபஸ் அளவுக்கு ஆர்.என்.ஏ.வைத் திருத்துவதில்லை என்று மேலே நானே சொல்லியிருக்கிறேன். அதைவிட முக்கியமாக, ஒரு கடல் விலங்கின் நொதியிலிருந்து மனிதர்களுக்கு நீதி எடுத்துத் தருவது பெரியப்பா செய்த அதே தப்பு, திசை மட்டும் வேறு. சாதி தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு வுட்ஸ் ஹோல் தேவைப்படவில்லை. நாளைக்கே ஏதாவது ஒரு திறமைக்கும் ஏதாவது ஒரு ஜீனுக்கும் வலுவான தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டாலும், என் அக்கா மகளை அவள் அப்பாவின் ஊர்த் தெருவை வைத்து எடைபோடுவது அதனால் சரியாகிவிடாது.

அந்த ஆய்வகத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைவிடச் சின்ன விஷயம். அவர்கள் ‘ஜீன்’ என்று சொல்வதற்கு முன்னால் என்னென்ன பார்த்தாக வேண்டும் என்ற பட்டியல். ஒரு வாயில் குளிரில் ஏன் வேகமாக மூடுகிறது என்று சொல்ல ஜீனைப் பார்த்தார்கள், நகலைப் பார்த்தார்கள், புரதத்தைப் பார்த்தார்கள், தண்ணீரை மாற்றிப் பார்த்தார்கள், கடலுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒரே ஒரு வாயிலுக்கு, ஒரே ஒரு சுமைதூக்கிப் புரதத்துக்கு இவ்வளவு. ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கணக்கு வராததை நாங்கள் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டோம். அறிவியல் பெயரைச் சொல்லித்தான் முடித்தோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதில் பெரியப்பாவை விட என் தலைமுறைக்குத்தான் பங்கு அதிகம். ‘ரத்தம்’ என்று சொன்னால் யாராவது எதிர்த்துப் பேசிவிடுவார்கள் என்கிற இடத்தில், எதிர்க்க முடியாத ஒரு சொல்லை நாங்கள் சப்ளை செய்தோம். கல்யாணத் தரகர் ‘நல்ல ஜீன்ஸ்’ என்கிறார். எச்சிலைத் துடைத்து அனுப்பினால் வம்சாவளி அனுப்புகிறேன் என்று கம்பெனிகள் விளம்பரம் போடுகின்றன. என் டீமில் ஒருவன் ரிசல்ட்டை ஸ்டேட்டஸில் வைத்து, தன் சாதிப் பெருமைக்குச் சான்றிதழ் கிடைத்த மாதிரி குதித்தான். எல்லோரும் நெருப்பு எமோஜி போட்டோம். நானும் போட்டேன். சோர்ஸ் கோடு என்று நாங்கள் விளையாட்டாகச் சொன்னதை ஊர் சீரியஸாக எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? மாசச் சம்பளம் வாங்கி, லேப்டாப்போடு வந்து சொன்னவர்கள் நாங்கள்.

8

தீபாவளிக்கு அப்புறம் அக்காவுக்கு போன் போட்டேன். அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்: “பாப்பாவுக்குக் கணக்கு எப்போலேருந்து வரல?” அக்கா கொஞ்சம் யோசித்தாள். ஏழாம் வகுப்புவரை நன்றாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் அத்தானுக்கு மாற்றலாகி ஊர் மாறினார்கள். புதுப் பள்ளியில் அரை வருஷம் கணக்கு டீச்சர் இல்லை. விளையாட்டு சார் வந்து பலகையில் விடையை எழுதிப் போட்டுவிட்டுப் போவாராம். இயற்கணிதம் ஆரம்பிக்கிற வருஷம் அது. மைனஸை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை.

இது என் ஆய்வு முடிவு இல்லை. டீச்சர் இருந்திருந்தால் தொண்ணூறு வாங்கியிருப்பாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு போன் காலில் தெரிந்துகொள்ளக் கூடியதைக்கூட நாங்கள் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கேட்க விடாமல் செய்த சொல் எது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது சனிக்கிழமை காலையில் வீடியோ காலில் ஒரு மணி நேரம் இருவரும் உட்காருகிறோம். போன வாரம் நடுவில் நிறுத்தி, “மாமா, பெரிய தாத்தா சொன்னது நிஜமா?” என்று கேட்டாள். ஆக, விழுந்திருக்கிறது. ஆக்டோபஸ் கதையெல்லாம் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “இல்லடா. அவருக்குத் தெரியாது. நான்தான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்” என்றேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று முகத்தில் தெரியவில்லை. “சரி, அடுத்த கணக்கு” என்றாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இதையே பெரியப்பாவிடமும் சொல்ல வேண்டும். அவர் கோபப்படுவார். அதற்குள் என் துறை நண்பர்கள் நீங்கள் ஒரு உதவி செய்யலாம்: அடுத்த முறை மேடையிலோ சாப்பாட்டு மேஜையிலோ ‘டி.என்.ஏ. ஒரு கோடு’ என்று வாயில் வரும்போது, அதை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர் அங்கே யார் மேல் எறிவார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.